மீன் கோல்டு ஸ்டோரேஜில் மூன்று செட் பனி டயர்

போன வாரம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று பாயை விரித்தேன். துபாய்ப் பக்கத்து அல் ஐனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் பிரபு. நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த டயர் கடையில் இப்போது கவுண்டரில் இருப்பவர்.

"அண்ணே, கடையில ஒரு லோக்கல் அரபி வந்து நிக்கிறாரு. ஜார்ஜியாவுக்கு வண்டியிலயே போறாராம். பனிக்கு 'மச்சான்' டயர் வேணுங்குறாரு. கம்ப்யூட்டர்ல எப்படி அடிச்சாலும் அப்படி ஒரு கம்பெனி வரமாட்டேங்குது. பழைய ஆளுங்களக் கேட்டா, முருகேசண்ணனக் கேளுன்னு சொல்லிட்டு சிரிக்கிறாங்க. அது எந்த ஊர் கம்பெனிண்ணே?"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள், எனக்குப் புரையேறிவிட்டது என்று நினைத்து. பதில் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. மறுபடி சிரிப்பு. இந்தக் கதையை ஒரு குரல் பதிவில் அடக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹெல்பர் விசாவில் அல் ஐன் போனேன். முதல் இரண்டு வருடம் ஜாக்கி தள்ளினேன், பஞ்சர் ஒட்டினேன். அடுத்த மூன்று வருடம் வீல் பேலன்ஸ், அலைன்மென்ட். அதற்குள் இந்தி வந்துவிட்டது, கடைக்கு வேண்டிய அளவு அரபி வந்துவிட்டது, தலைமுடி போய்விட்டது. ஆறாவது வருடம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே காத்து உங்க டிபார்ட்மென்ட்டுங்க முருகேசன்" என்றார். எந்த வண்டிக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்வது என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டுப் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டேன்.

அந்த மேனேஜர் சுந்தரம் சார், கோயம்புத்தூர்க்காரர். ஐம்பது டிகிரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்ற மாட்டார். பையில் மூன்று நிறப் பேனா. யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. திட்டும்போதும் மரியாதை குறையாது. "நீங்க ஒரு முழு முட்டாளுங்க" என்று அவர் சொன்னால், கேட்பவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான், பாதி வழியில்தான் புரியும்.

புது டயர் வந்தால் முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்துவார். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்து எந்த வாரம், எந்த வருடம் பிறந்தது என்று எழுதிக்கொள்வார். எவ்வளவு உசத்தியான டயராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து "நல்ல டயர்" என்ற வார்த்தை வராது. "இதுவரைக்கும் பரவால்லைங்க" என்பதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு. கஸ்டமர் வற்புறுத்தினால், "கண்ணுல பாக்காததை வாயில சொல்லக் கூடாதுங்க" என்று தமிழிலேயே சொல்வார். சூடானிக்கும் பாகிஸ்தான் பட்டாணிக்கும் கூட அது புரிந்துவிடும்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நவம்பர் மாதத்தில் அபு மரியம் வந்தார். உள்ளூர் அரபி, பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் கடைக்குப் பத்து வருட வாடிக்கை. பெரிய மகள் மரியமுக்குப் பதினான்கு வயது, அவள் பெயரால்தான் இவர் அபு, அதாவது அப்பா. அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பனியைப் பார்க்க வேண்டுமாம். விமானத்தில் போனால் அவருக்குப் பயணம் செய்த மாதிரியே இருக்காதாம். வண்டியைக் கப்பலில் ஏற்றி ஈரானில் இறக்கி, அங்கிருந்து ஆர்மேனியா வழியாக ஜார்ஜியா மலைக்குப் போகப் போகிறார், ஜனவரியில். அங்கே பனி டயர் இல்லாமல் மலை ஏற விடமாட்டார்கள்.

"பின்னால என் மூணு பொண்ணும் உக்காந்திருக்கும். எந்த டயர் போடணும்னு நீ சொல்லு முருகேஷ்" என்றார் கடை இந்தியில். என்னைத்தான் கேட்டார். எனக்கும் ஊரில் ஒரு பெண் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

நான் பனியை எங்கே பார்த்தேன்? பிரிட்ஜில் பார்த்ததுதான். சாரைப் பார்த்தேன். சார் பேனாவைப் பார்த்தார்.

"பாத்துச் சொல்றோம்னு சொல்லுங்க முருகேசன்" என்றார்.

மூன்று வாரத்தில் மூன்று செட் வந்து சேர்ந்தது. துபாய் டீலர் தனியாக ஆர்டர் போட்டு வரவழைத்த ஐரோப்பிய டயர் ஒன்று. விலையைக் கேட்டுக் கடையில் எல்லோரும் எழுந்து நின்றோம். கொரியாவிலிருந்து வந்த நடுத்தர விலை டயர் ஒன்று. முதல் டயர் ஒரு செட் வாங்கும் காசுக்கு இது ஒன்றரை செட் கிடைக்கும். மூன்றாவது, ஷார்ஜாவில் ஒரு புரோக்கர் எங்கிருந்தோ தேடிப் பிடித்தது. புது டயர்தான், பனி டயர் என்பதற்கான பனிக் குறியும் போட்டிருந்தது, கொள்ளை மலிவு. ஆனால் பிறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு கறுப்பு டயரும் கலந்துவிடக் கூடாதே. நான் வெள்ளை பெயிண்ட் பேனாவை எடுத்துப் பக்கவாட்டில் தமிழில் பெயர் எழுதினேன். செலவு வைப்பது 'மாப்பிள்ளை'. கூப்பிட்ட நேரத்துக்கு வருவது 'மச்சான்'. பழைய பெருமை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது 'சித்தப்பா'. சார் படித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்று மாலை அவர் போட்ட அட்டவணையில் மூன்று கட்டத்துக்கு மேல் மூன்று நிறத்தில் மாப்பிள்ளை, மச்சான், சித்தப்பா என்றே எழுதியிருந்தார்.

சரி, பனிக்கு எங்கே போவது? எனக்கு ரூம்மேட் சேவியர் ஞாபகம் வந்தார். தூத்துக்குடிக்காரர், மீன் கோல்டு ஸ்டோரேஜில் சூப்பர்வைசர். வருடத்துக்கு ஒரு முறை ஒரு ஹாலைக் காலி செய்து கழுவுவார்கள். காலியான பிறகு, குளிரை நிறுத்துவதற்கு முன் உள்ள இரண்டு நாளுக்குத்தான் கேட்டேன்.

"ஏலே, மீன் வைக்கிற எடத்துல வண்டியவா கொண்டாந்து நிப்பாட்டப் போற? கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?" என்றார். பிறகு, "எத்தன மணிக்குலே?" என்றார். அவருக்கும் ஆசைதான்.

மைனஸ் பதினெட்டு டிகிரி. தரையில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டோம். கண்ணெதிரே கண்ணாடியாகிவிட்டது. மீன்காரர்களின் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு பத்துப் பேர், மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை. பீடி குடிக்காத எங்கள் கடை மன்சூர் பாய் விரலை உதட்டில் வைத்துப் பீடி குடிப்பது போல் நடித்துக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போனபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சார் வேலையைப் பிசகாமல் செய்தார். எல்லா டயரையும் ஒரு நாள் முழுக்க உள்ளே வைத்துக் குளிரவிட்டார். ரப்பரின் கடினத்தைப் பார்க்கும் சின்ன டயலை ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்தில் அழுத்தினார். பிறகு கடை வண்டியில் டயரை மாட்டி, பிரேக்கைப் போட்டு நிறுத்தி, செயின் பிளாக் கப்பியால் இழுத்தோம். நடுவில் சூரை மீன் நிறுக்கும் தொங்கு தராசு. எத்தனை கிலோ இழுப்பில் வண்டி வழுக்க ஆரம்பிக்கிறது என்று நான் கத்த, சார் எழுதினார். ஒவ்வொரு செட்டுக்கும் ஏழு தடவை. கூடவே எங்கள் ஊர் வெயிலுக்குப் போடும் சாதாரண டயரையும் மாட்டிப் பார்த்தோம். அது கல்லாக இறுகி, கை வைத்தாலே நகர்ந்தது.

சித்தப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். எட்டு வருடம் கோடவுன் சூட்டில் கிடந்து ரப்பர் செத்துப் போயிருந்தது. பனிக் குறி மட்டும் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை முதலிடம். மச்சான் அவருக்கு ஒரு கூடை மீன் அளவுதான் பின்னால்.

கடைசியில் பிரேக் சோதனை. எட்டுப் பேர் வண்டியைத் தள்ளிவிட வேண்டும், குறித்த கோட்டில் டிரைவர் பிரேக் போட வேண்டும். "அக்கட்டால நில்லுங்க, நானே ஓட்டறேன்" என்று சார் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை நின்றார். மச்சான் ஒரு முழம் தள்ளி நின்றார். சித்தப்பா நிற்கவே இல்லை. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு, கோயில் தேரில் சாமி போவது போல் மெதுவாகப் போய், மூலையில் அடுக்கியிருந்த காலி மத்தி மீன் பெட்டிகளுக்குள் புகுந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாக பானெட்டில் விழுந்தன. சார் கண்ணாடியை இறக்கினார்.

"நான் நிறுத்தீட்டனுங்க. வண்டிதான் நிக்கலைங்க" என்றார்.

சேவியர் பனித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து நிற்கப் பார்த்து வழுக்கி, என்னைப் பிடித்து, நான் மன்சூர் பாயைப் பிடித்து, மூன்று பேரும் விழுந்தோம். சார் இறங்கி வந்து, எங்களைத் தாண்டிப் போய், தூரத்தை அளந்து சித்தப்பாவின் கட்டத்தில் சிவப்பில் எழுதினார்.

அதோடு விட்டாரா? இல்லை. "பனி கடைசிலதானுங்க வருது. மொதல்ல நம்மூரு ரோடு வருதில்லைங்களா" என்றார். மறுநாள் மத்தியானம் அல் ஐன் ஹஃபீத் மலை ரோட்டில், வளைவு வளைவாக, அதே டயர்களை ஓட்டினோம். மாப்பிள்ளை சூட்டில் குழைந்து வளைவுக்கு வளைவு தள்ளாடினார். மச்சான் முணுமுணுத்தாலும் பிடித்துக்கொண்டார். பனிக்கு உள்ள ரப்பரை வெயிலில் ஓட்டுவதே பாவம் என்று தெரிந்துவிட்டது. சார் தீர்ப்பு எழுதினார்: மச்சான் செட். வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு போய், குளிர் ஆரம்பிக்கும் ஊரில்தான் மாட்ட வேண்டும்.

அபு மரியமுக்கு மூன்று நிறத்தில் ஒரு தாள் கொடுத்தார். அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மாட்டிய பிறகு எத்தனை கிலோமீட்டரில் நட்டை மறுபடி இறுக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. காற்றுக்கு ஒரு வரி காலியாக விட்டு என்னிடம் நீட்டினார், என் டிபார்ட்மென்ட் என்பதால். முப்பத்தாறு என்று எழுதினேன்.

கிளம்பும் அன்று அவருடைய மனைவி உம் மரியமும் மூன்று பெண்களும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெண் அப்போதே கையுறை மாட்டியிருந்தாள். மரியம் கூரையில் இருந்த எழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டாள். "டயரோட பேரு. மச்சான்" என்றேன். அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப் போயிற்று. மூன்று பேரும் "மச்சான், மச்சான்" என்று கத்தினார்கள். கடையே சிரித்தது. அந்த ஆரவாரத்தில் அபு மரியம் ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார், பனி வந்ததும் மணலுக்கு மாதிரி காற்றை இறக்கணும்தானே என்று.

"ஐவா, ஐவா!" என்றேன், அரபியில் ஆமாம் ஆமாம் என்று. வண்டி போய்விட்டது.

அல் ஐனில் மணல்மேட்டுக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் ரோடு முடிந்ததும் நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்குவான். டயர் தட்டையாகி மணலில் புதையாமல் மிதக்கும். இருபது வருடமாக வாரம் பத்துப் பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த விஷயம். கேள்வி வந்தால் வாய் தானாக "ஐவா" சொல்லும்.

ஒன்பது நாள் கழித்து, டீ குடிக்கும்போது சார் சாதாரணமாகக் கேட்டார், "காத்து பத்தி என்னங்க சொல்லி அனுப்புனீங்க?"

சொன்னேன். ஐவாவையும் சேர்த்துச் சொன்னேன். சார் டீ கிளாஸை வைத்துவிட்டார்.

"அது மணல் இல்லீங்க முருகேசன். வண்டிக ஓடி ஓடி இறுகிப் போன பனிங்க. அடியில கண்ணாடி மாதிரி தரைங்க. கோல்டு ஸ்டோரேஜ்ல பாத்தீங்கல்ல? காத்தில்லாத டயருல எறக்கத்துல வளைவு திரும்புனா டயரு ரிம்மை விட்டு வந்துருமுங்க. ஏற்கெனவே குளுருல காத்து தானா கொறையும்." பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், மறுபடி சொருகினார். "நீங்க ஒரு முழு முட்டாளுங்க" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

கையுறை போட்ட அந்தச் சின்னப் பெண்தான் கண்ணில் நின்றாள். போன் அடித்தேன், போகவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன், பேசி அனுப்பினேன், எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் காற்றை இறக்காதே என்று சொன்னேன். எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நின்றது. அன்று முழுக்க, மறுநாள் முழுக்க. முப்பத்தொரு செய்தி. பேலன்ஸ் மெஷினில் வீலை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட மறந்து நின்றுகொண்டிருந்தேன். சார் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வீடியோ கால். திரை முழுக்க வெள்ளை. நடுவில் அபு மரியமின் தாடி, அதிலும் வெள்ளை.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காற்றை இறக்கிவிட்டிருந்தார், நான்கு டயரிலும். முதல் வளைவில் வண்டி இடுப்பை ஆட்டியதாம். உம் மரியம் வாரா வாரம் மணல்மேட்டில் வண்டி ஓட்டுகிறவர். "நிறுத்து, இது மணல் மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டார். ரோட்டோரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். அங்கே வைஃபை கிடைத்ததும் என் முப்பத்தொரு செய்தியும் ஒரேயடியாக விழுந்திருக்கின்றன.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் அபு மரியம். என் தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஹலாஸ், ஹலாஸ், முடிஞ்சு போச்சு விடு" என்றார் அவர். "இப்போ எவ்வளவு, அதைச் சொல்லு."

மணலுக்குப் போகிறவன் வண்டியில் கம்ப்ரசர் இல்லாமல் இருக்குமா? டிக்கியிலிருந்து எடுத்தார். மரியம் போனைப் பிடித்துக்கொண்டு டயலைப் படித்தாள். பதினாறு. பதினெட்டு. குளிரில் கம்ப்ரசர் முக்கிக்கொண்டு ஏற்றியது. இங்கே கடையில் வேலை நின்றுவிட்டது. காரோடு காத்திருந்த கஸ்டமர்களும் என் போனைச் சுற்றி நின்றார்கள். அவள் "முப்பது" என்றபோது மன்சூர் பாய் "யல்லா, யல்லா" என்றார். முப்பத்தாறு வந்ததும் கைதட்டல். நான்கு டயருக்கும் இப்படியே, நான்கு கைதட்டல். பின்னால் சின்னப் பெண்கள் இரண்டும் எங்களைச் சட்டை செய்யாமல் பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார்கள். மலையை முதன்முதலாக அப்படித்தான் பார்த்தேன், ஒரு டயரின் பக்கவாட்டில், என் கையெழுத்தில் எழுதிய மச்சானுக்குப் பின்னால்.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தார்கள். பிப்ரவரியில் திரும்பி வந்து கூரையிலிருந்து டயரை இறக்கக் கடைக்கு வந்தபோது, அபு மரியம் என் தோளைக் கட்டிக்கொண்டார். வழியில் ஒரு செக்போஸ்ட்டில் பனி டயர் போட்டிருக்கிறாயா, என்ன டயர் என்று கேட்டார்களாம். எழுத்தைக் காட்டி "மச்சான்" என்றாராம். அந்த ஆபீசரும் தலையாட்டி, நல்ல கம்பெனிதான் என்பது போல் அனுப்பிவிட்டாராம். ஊருக்கு வந்ததும் தம்பி, மச்சினன், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரிடமும் இதே பெயரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் கேட்டு வந்தவர்களுக்கு, அதே கொரிய டயரில் நான் பெயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதாவிட்டால் டூப்ளிகேட் என்று சந்தேகப்பட்டார்கள்.

சார் அந்த நான்கு டயரையும் உருட்டி உருட்டிப் பார்த்தார். மோந்தார். பள்ளத்தில் சிக்கியிருந்த கறுப்புப் பொடிக்கல் ஒன்றை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இப்போதும் அது என் சாவிக்கொத்துப் பெட்டியில் இருக்கிறது.

"இதுவரைக்கும் பரவால்லைங்களா சார்?" என்று கேட்டேன்.

"நல்ல டயருங்க" என்றார்.

இவ்வளவும் பிரபுவுக்கு அன்று எங்கே சொல்வது? கடையில் ஆள் நிற்கிறார் அல்லவா. சிரிப்பு அடங்கியதும் பட்டனை அழுத்திப் பிடித்துச் சொன்னேன்: "தம்பி, அது கம்பெனி இல்லப்பா. கொரியா செட் ஒண்ணு எடுத்து, பக்கத்துல வெள்ளை பெயிண்ட்டுல தமிழ்ல எழுதிக் குடு, ஒத்துக்குவாரு. ஆனா அதுக்கு முன்னாடி அவரு பின் சீட்டுல யாரு வர்றாங்கன்னு கேளு. கேட்டுட்டு, அவரு கண்ணப் பாத்துச் சொல்லு, அங்க போயி காத்த மட்டும் எறக்க வேணாம்னு. அவரு 'ஐவா'ன்னா விட்றாத. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளு."